வேர்வை அடங்கட்டும்

அன்பு மகனுக்கு, உன் சித்தப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையற்காரர் எழுதும் கடிதம். நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

ஆற்றுப்பாலத்தின் நடுத்தூண் மண்ணுக்குள் இறங்கி, ஊரே படகில் வேலைக்குப் போன வருடம் அது. அதே வருடம்தான் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து நிலக்கரி வராமல், உடைந்த கட்டில், பழைய கதவு என்று கிடைத்ததையெல்லாம் போட்டு நாங்கள் பாய்லரை எரித்தோம். சினிமாக் கொட்டகையின் தகரக் கூரை காற்றில் பறந்து வந்து உங்கள் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்ததும் அப்போதுதான். லீவு கிடைத்ததென்று நீ தெருவெல்லாம் குதித்தாய். உனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அந்த வருடக் கோடையில்தான் உன் அப்பா ஓடினான், செத்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலோ என்னவோ எதுவும் மறந்து தொலைய மாட்டேன் என்கிறது.

உன் கடிதம் வந்தது. தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வாசித்துக் காட்டினார். பேத்தி பரீட்சையில் தேறியதில் சந்தோஷம். மருமகளுக்கு இடுப்புவலி தேவலையா என்று எழுதவில்லை, அடுத்த தடவை எழுது. எனக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று காலால் துழாவுகிறேன். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் உங்கள் ஊரில் பெரிய ஓட்டப் பந்தயம், அதில் நீ ஓடப்போகிறாய் என்ற இடம் வந்ததும் தையற்காரர் நிமிர்ந்தார். 'இந்த வயசுல எதுக்குங்க இந்த வேண்டாத வேலை?' என்றார். 'நீ வாசிப்பா' என்றேன். வயசைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை போட்டவன் விடியலில் எழுந்து ஓடுவது நல்ல காரியம். ஏரிக்கரையைச் சுற்றி வருவதும், லீவு நாளில் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவதும், மேட்டுத் தெருவில் மூச்சுப் பிடித்து ஏறுவதும் கேட்கக் கேட்க எனக்கே கால் துறுதுறுத்தது. ஆனால் அதற்குப் பிறகு எழுதியிருந்தாயே, அதை மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். அதற்கப்புறமும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னேன். 'காது கேக்கலையா பெரியவரே?' என்றார் அவர். கேட்டதுதான் சங்கடம்.

வீட்டு வாசல் சுவரில் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் அதைப் பார்த்துக்கொண்டே தொடாமல் தாண்டி ஓடுகிறாயாம். உன் அப்பா அப்படித்தான் பழகினான் என்று அம்மா சொல்லியிருக்கிறாளாம். பந்தயத்தன்று வெயில் கடுமையாக இருக்கும் என்பதற்காக வேண்டுமென்றே உச்சிவெயிலில் ஓடிப் பார்த்தாயாம். கடைசியில் வியர்வை நின்றுபோய், அந்த வெயிலில் உடம்பு சிலிர்த்துக் குளிர்ந்ததாம். தலை பஞ்சு மாதிரி ஆகி, உன் வீட்டுச் சந்து எது என்று கொஞ்ச நேரம் தெரியாமல் நின்று சிரித்தாயாம். 'உடம்பு பழகிடுச்சு சித்தப்பா, அப்பாவோட மனசு எனக்கும் வந்துடுச்சு' என்று எழுதியிருக்கிறாய். பந்தயத்துக்கு முன்னால் அப்பா மனசை எப்படித் தயார் செய்தார், அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய்.

சொல்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து சிரிப்பாய், எனக்கும் பாதிதான் காதில் விழும். கடிதம் என்றால் முழுக்கச் சொல்லித்தானே தீர வேண்டும்.

ஆஸ்பத்திரிச் சலவைச்சாலையின் பின்பக்கம் பாய்லர் வீடு. நீ உள்ளே வந்ததில்லை, பிள்ளைகளை விடமாட்டார்கள். தாழ்ந்த கூரை, கரி படிந்த சுவர், சூளை வாய் திறந்தால் புருவம் பொசுங்கும். ஆஸ்பத்திரித் துணி முழுக்க நாங்கள் போடும் நீராவியில்தான் வெந்தது. கரி அள்ளிப் போடுவது உன் அப்பாவும் நானும். எங்களுக்கு மேலே மேஸ்திரி. மேஸ்திரிக்கு ஒரே சட்டம்தான் உண்டு. உடம்பில் வியர்வை இருக்கும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது, உடம்பிலும் ஊற்றக் கூடாது. தண்ணீர்ப் பீப்பாய் உள்ளேயே கிடையாது, முற்றத்தின் அந்தக் கோடியில் இருக்கும். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் முதலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார வேண்டும். காற்று படக் கூடாது. மேஸ்திரி வந்து பின்கழுத்தில் கையை வைத்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் 'வேர்வை அடங்கட்டும்டா' என்பார். காய்ந்திருந்தால்தான் பீப்பாய்ப் பக்கம் போகலாம்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. அவருடைய கூடப்பிறந்த தம்பி அதே பாய்லரில் வேலை பார்த்தவன். ஒரு நாள் சூளையிலிருந்து நேரே வெளியே ஓடிவந்து பீப்பாய்க்குள் தலையை விட்டுக் குடித்தான், குடித்த இடத்திலேயே விழுந்து செத்தான். தண்ணீர்தான் தம்பியைக் கொன்றது என்று மேஸ்திரி முடிவு கட்டிவிட்டார். எங்களை அப்படிச் சாக விடமாட்டேன் என்றுதான் அந்தச் சட்டம். நாங்கள் அதைப் பிடிவாதமாகக் காத்தோம். புதிதாக வந்தவன் எவனாவது நாக்கைத் தொங்கப்போட்டால், 'போய் ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில ஒக்காருடா' என்று கிண்டல் செய்வோம்.

அதில் உன் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவனுக்கு ஒட்டகம் என்றே பெயர். சம்பளம் கொடுக்கிற குமாஸ்தாகூட 'ஒட்டகம் வந்தாச்சா?' என்றுதான் கேட்பார். உன் அப்பாவுக்கு அதில் பெருமை. காலரை நிமிர்த்திக்கொண்டு போவான்.

ஓட்டம் அவனுக்கு எப்படி வந்தது தெரியுமா? பாலம் இறங்கிப்போனதால் படகுத்துறையில் கூட்டம் நெரியும். முதல் படகைப் பிடிக்க அவன் வீட்டிலிருந்து ஓடி வருவான். சும்மா ஓடியவனுக்கு ஓட்டம் பிடித்துப்போனது. நகரசபை நெடுந்தூர ஓட்டம் என்று தட்டி வைத்ததும் எங்கள் இரண்டு பேருடைய பெயரையும் அவனே கொடுத்துவிட்டு வந்தான். 'எனக்கு எதுக்குடா?' என்றேன். 'நீ பின்னாடி வந்தாத்தானே நான் முன்னாடி போக முடியும்' என்றான். வாய் அப்படி.

அப்புறம் தினமும் பயிற்சி. ரயில் ஓடாத காலம் அல்லவா, தண்டவாளத்தை ஒட்டிய மண்பாதை காலியாகக் கிடந்தது. வேலைக்கு முன்னால் ஓடுவோம். சட்டைப் பொத்தான் ஒன்றை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொள்வோம், எச்சில் ஊறும். நீ கேட்டாயே மனசைத் தயார் செய்வது, அது பாய்லர் வீட்டுக்குள் நடந்தது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து சூளைக்கு எதிரே மாடத்தில் வைப்பான். கரி அள்ளும் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்ப்பான். 'பாரு, அது என்னைக் கூப்பிடுது, நான் போகல' என்று சொல்லிச் சிரிப்பான். தாகம் மனசில்தான் இருக்கிறது என்பான். மேஸ்திரி அதைக் கேட்டுப் பூரித்துப் போவார். ஷிப்ட் முடிந்து, சாக்குப் போர்த்தி, கழுத்துக் காய்ந்த பிறகு அதே டம்ளரை எடுப்பான். அதற்குள் அது வெந்நீராகியிருக்கும். அதைத்தான் குடிப்பான். உன் அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் பாதியைச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்ததும் அந்தப் பாதிதான்.

மீதியை இப்போது கேள்.

பந்தயத்தன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. நகரசபைத் தலைவர் வர நேரமாகிறது என்று எங்களைத் திறந்த மைதானத்தில் நிறுத்திவைத்தார்கள். உன் அப்பா கண்ணை மூடி நின்றான். என்னடா என்றால், 'டம்ளரைப் பாத்துக்கிட்டு இருக்கேன்' என்றான். கொடி விழுந்தது, ஓடினோம். கொஞ்ச தூரத்திலேயே என் கேன்வாஸ் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்து, பாதம் கிழிந்துபோனது. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு லாரி பின்னாலேயே வந்தது. அதில் ஏறினேன். மேஸ்திரியும் அதில்தான் இருந்தார், எங்களுக்காக ஒரு கம்பளியும் ஒரு சாக்கும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். லாரி உன் அப்பாவுக்குப் பின்னாலேயே போனது. அதனால் எல்லாவற்றையும் நான் பார்த்தேன்.

வழியெல்லாம் மேசை போட்டு ஆஸ்பத்திரி நர்சுகள் தண்ணீர் கொடுத்தார்கள். எங்கள் சலவைச்சாலைத் துணியைத்தான் மேசைமேல் விரித்திருந்தார்கள். மற்றவர்கள் பிடுங்கிக் குடித்தார்கள், தலையில் ஊற்றிக்கொண்டார்கள். உன் அப்பா ஒவ்வொரு மேசையிலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினான். ஒரு நர்சம்மா கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்து, 'அண்ணே, ஒரு வாய் குடிங்கண்ணே' என்று கெஞ்சினாள். தலையை ஆட்டிவிட்டான். சாலையோரத்தில் நின்ற சலவைச்சாலை ஆட்கள் 'ஒட்டகம்! ஒட்டகம்!' என்று கத்தினார்கள். மேஸ்திரி லாரியின் தடுப்புப் பலகையைத் தட்டிக்கொண்டே 'பாத்தியாடா என் புள்ளைய!' என்றார்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பந்தயம் முடிகிற எல்லை தெரிகிற நேரான நீண்ட சாலை. அங்கே அவன் முதுகைப் பார்த்தேன். அதுவரை முதுகோடு ஒட்டியிருந்த பனியன் காய்ந்து படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மேஸ்திரியும் அதைப் பார்த்தார். 'வேர்வை அடங்கிடுச்சு, இனிமே இவனுக்குக் கவலையே இல்ல' என்றார். சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஓடினான். பிறகு நின்றான். திரும்பி, வந்த வழியிலேயே எங்களைப் பார்த்து ஓடிவந்தான், மகனே. சிரித்துக்கொண்டே வந்தான். லாரியை நிறுத்திக் குதித்தோம். என் முகத்தைப் பார்த்தான், நான் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. 'பிரஷர் ஏறுது, வால்வைத் திற, வால்வைத் திற' என்றான். கையைப் பிடித்தேன். சூளைக் கதவைத் தொட்ட மாதிரி இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. தோல் மட்டும் சிலிர்த்து நின்றது.

இந்த இடத்தில் தையற்காரர் பேனாவை வைத்துவிட்டு, 'இதையெல்லாம் எழுதணுமா?' என்று கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு டயர் கடை வாசலில் விழுந்தான். கடைக்காரர் பஞ்சர் பார்க்கிற வாளித் தண்ணீரை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நல்ல மனுஷன். படிப்பு இல்லை, பாய்லர் வீட்டுச் சட்டமும் தெரியாது, கொதிக்கிற உடம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது. மேஸ்திரி குறுக்கே விழுந்து வாளியைத் தட்டிவிட்டார். 'ஊத்தாதே! சூடான உடம்பு, நெஞ்சு அடைச்சிடும்! எந்தம்பிய அப்படித்தான் பறிகொடுத்தேன்' என்று கத்தினார். தண்ணீர் சாலையில் ஓடிப் புழுதியில் கலந்தது. கம்பளியை விரித்து உன் அப்பாவைத் தலையோடு காலாகச் சுற்றினார், அதற்கு மேல் சாக்கையும் சுற்றினார். காற்றுப் படாமல் மடியில் போட்டுக்கொண்டார். சுற்றி நின்ற சலவைச்சாலை ஆட்கள் ஒருவருக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை. ஷிப்ட் முடிந்தால் செய்வதைத்தானே செய்கிறோம்! டயர் கடைக்காரர் மட்டும் 'அநியாயம் பண்றீங்கய்யா, அநியாயம் பண்றீங்க' என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. கம்பளிக்குள் கையை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். 'யாரு இதைச் சுத்தினது? மனுஷனை வேக வெச்சுக் கொண்டுவந்திருக்கீங்களே!' என்று கத்தினாள். அவளே கம்பளியைக் கிழித்து எறிந்து, தரையில் கிடத்தி, பனிக்கட்டி கொண்டுவரச் சொல்லி, வாளி வாளியாக ஊற்றினாள். அவளுடைய சேலையெல்லாம் நனைந்துபோனது. முன்னாலேயே ஊற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள். அதற்குள் அவன் போய்விட்டான்.

கடைசியில் நின்றது நெஞ்சுதானே, நெஞ்சு நின்றுபோனது என்று எழுதினார்கள். மேஸ்திரி உன் வீட்டுக்கு வந்து உன் அம்மாவின் எதிரே நின்று, 'நெஞ்சு வெடிச்சிடுச்சும்மா. ஆனா கடைசி வரைக்கும் ஒரு சொட்டு குடிக்கல. சிங்கம்மா அவன்' என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். உன் அம்மா அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அத்தனை வருடம் துணி தேய்த்து உன்னைப் படிக்கவைத்தாள். அக்கம்பக்கத்தில் யாராவது பாவம் என்றால் போதும், 'என் வீட்டுக்காரர் ஒரு சொட்டு குடிக்கல தெரியுமா' என்று ஆரம்பிப்பாள். அவளிடமிருந்து அதை யாரால் பிடுங்க முடியும்? இப்போது அவள் இல்லை. இனி அது யாருக்கும் சோறு போடப்போவதில்லை.

அந்த டாக்டரம்மா விடவில்லை. பாய்லர் வீட்டுக்கே வந்து நின்று எங்களைத் திட்டினாள். சூளையில் நிற்கிறவன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், உடம்பு கொதித்தால் நனைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, சண்டை போட்டு உள்ளேயே ஒரு குழாய் வைக்கச் செய்தாள். மேஸ்திரி தன் சாக்கைக் கழற்றி அந்தக் குழாயின் மேல் மாட்டினார். அவர் இருக்கும்வரை ஒருவரும் அந்தச் சாக்கை எடுக்கவில்லை. அவர் வெளியே போனதும் எல்லோரும் அதைத் தூக்கிவிட்டுக் குடிப்போம், திரும்பி வருவதற்குள் பழையபடி மாட்டிவிடுவோம். ஊமைக்கூத்துதான். அவருக்கும் தெரியும். அவர் மட்டும் கடைசிவரை குடிக்கவில்லை. குடித்தால் உன் அப்பாவுக்குச் செய்தது என்னவென்று ஆகிவிடும் இல்லையா?

மகனே, உச்சிவெயிலில் உனக்கு உடம்பு சிலிர்த்ததே, அது பழகியதன் அடையாளம் இல்லை. வீட்டுச் சந்து தெரியாமல் நின்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். உன் அப்பாவின் மனசு உனக்கு வந்திருக்கிறது என்பது உண்மைதான், அதனால்தான் பயமாக இருக்கிறது. அவனுடைய மனசு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேட்டுத் தெருவில் ஏறும்போது அதை வைத்துக்கொள். கால் வலித்து உட்காரச் சொல்லும்போது வைத்துக்கொள். தண்ணீர் மேசை வந்தால் அதை இறக்கி வைத்துவிடு. மேசைக்கு மேசை நின்று குடி, தலையில் ஊற்றிக்கொள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். சிலிர்ப்பு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு நிழலுக்குப் போ, பக்கத்தில் இருப்பவரிடம் ஊற்றச் சொல். பந்தயத்துக்கு முன்னால் ஒரு டாக்டரிடம் போய், சிரித்ததையும் மறைக்காமல் சொல். அந்தப் பாட்டிலைச் சுவரிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள். இந்தக் கடிதத்தை மருமகளிடமும் வாசிக்கக் கொடு, அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'குடிக்கிறேன் சித்தப்பா' என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

நீ ஓடி முடித்து நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும். நூறு வயசு இருக்க வேண்டும். என் கண்ணில் மிச்சமிருக்கிற வெளிச்சம் போவதற்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை வைத்திருக்கிறேன். மை சற்று ஈஷிக்கொண்டுவிட்டது, மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பாவோடு கரி அள்ளிய சித்தப்பா

தையற்காரர் உறையை ஒட்டப் போனார், நான்தான் நிறுத்தினேன். இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் காத்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். உன் அப்பா முதலில் போனான். சாலையோரத்தில் நின்று 'ஒட்டகம்' என்று கத்தியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மேஸ்திரி அதே ஆஸ்பத்திரியில், உதட்டை நனைக்க வந்த நர்சின் ஈரத்துணிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நான் அந்தக் குழாயில் குடித்தவன், என்னைக் கணக்கில் சேர்க்க முடியாது. எங்கள் பாய்லர் வீட்டையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்தச் சட்டத்தை இன்னும் காத்துக்கொண்டு உயிரோடு இருப்பவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான்.